விளக்கில் பார்த்த முட்டை

மே 7, புதன். இன்றைய தவறு: கீறல் விட்ட முட்டை ஒன்றை நல்ல முட்டை அடுக்கும் அட்டையில் வைத்துவிட்டேன். காரணம்: விளக்கில் பார்க்காமல், கையால் தடவிப் பார்த்தே நல்லது என்று முடிவு செய்தேன். சூப்பர்வைசர் கண்டுபிடித்தார். நாளைய வேலை: எந்த முட்டையையும் விளக்கில் பார்க்காமல் அட்டையில் அடுக்கக் கூடாது.

இதை எழுதியவள் நித்யஸ்ரீ. வயது இருபத்திரண்டு. பகலில் புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை. மாலையில் ராசிபுரத்தில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு. தினம் ஒரு தவறையும் மறுநாளுக்கான ஒரு வேலையையும் நோட்டில் எழுதினால் மூளை ஒழுங்குக்கு வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்ற முப்பது பேரும் ஒரே வாரத்தில் தவறு செய்வதை நிறுத்திவிட்டார்கள், அதாவது எழுதுவதை. நித்யஸ்ரீ மட்டும் மூன்றாவது நோட்டில் இருந்தாள். எழுதிய தவறு சரியான தவறுதானா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஆனாலும் இருபத்து நாலு நாளாக அவள் எழுதாமல் தள்ளிப்போட்ட தவறு ஒன்று இருந்தது. அதற்கும் முட்டைக்கும் சம்பந்தம் உண்டு. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கும் முட்டைச் சித்தருக்கும்.

முட்டைச் சித்தரைத் தெரியாதவர்கள் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் பஸ் ஏறாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய மரக்கடைக் கொட்டகை ஒன்று. அதற்குக் கறுப்புத் துணி கட்டி, உள்ளே இருட்டாக்கி, வெளியே ‘கன்னிமுட்டைச் சித்தர் பீடம்’ என்று பதினைந்தடி ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கண்டக்டர்களே, “அரிப்பெல்லாம் எறங்கு, அரிப்பெல்லாம் எறங்கு!” என்று கூவினார்கள். படர்தாமரை, தேமல், சொறி, சிரங்கு, அக்கி, பொடுகு, பித்தவெடிப்பு என்று எது வந்தாலும் சித்தர் சொல்லும் காரணம் ஒன்றுதான், செய்வினை. மருந்தும் ஒன்றுதான், முட்டை. இது தெரியாமல் மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் படித்து வீணாய்ப் போகிறார்கள், பாவம்.

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். சித்தரோ நாமக்கல் ஜில்லாவுக்கே வந்து முட்டையைக் காட்டி ஏமாற்றினார். இந்த ஊர்க்காரர்களுக்கு முட்டையைக் கையில் வாங்கினாலே எடை தெரியும். எந்தத் தீவனம் தின்ற கோழி என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நின்ற இடத்தில் சொறிந்துகொண்டும் இருந்தார்கள்.

நித்யஸ்ரீயின் குடும்பம் அந்த வரிசைக்குப் போனது ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி, அண்ணன் சிவக்குமாருக்காக. அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போடும் வேலைக்குப் போனவன். வடக்கே ராய்ப்பூர் பக்கம் ஆறு மாதம். சேறும் டீசலும் ஊறிய பேண்ட், பத்துப் பேருக்கு இரண்டு துண்டு, வாரத்துக்கு ஒரு குளியல். இடுப்பில் வட்டமாக ஒரு படை வந்தது. அங்கேயே மருந்துக்கடையில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கித் தடவினான். போனது, வந்தது. மறுபடி தடவினான். போனது, இரண்டாக வந்தது. கடைசியில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஊருக்கே வந்துவிட்டான். வைகாசிக் கடைசியில் அவனுக்குக் கல்யாணம். பெண் வெளியாள் இல்லை. மேற்கு வீட்டில் இருக்கும் சௌந்திரம் அத்தையின் மகள் கனிஷ்காதான். பத்திரிகைகூட அடித்தாயிற்று.

பீடத்தில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், நட்சத்திரம், எத்தனை நாளாக அரிப்பு, அப்புறம் ‘நெருங்கிய உறவுகளின் பெயர், அவர்கள் வீடு இருக்கும் திசை’.

“உன்ற எழுத்துத்தான் நல்லா இருக்கும், நீயே எழுது சாமி” என்றார் அப்பா சின்னுசாமி.

நித்யஸ்ரீ அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

கால் மணி நேரம் கழித்து, கொட்டகையின் இருட்டுக்குள், காவித் துண்டு போர்த்திய சித்தர் தட்டிலிருந்து ஒரு பழுப்பு முட்டையை எடுத்தார். நாட்டுக்கோழிப் பெட்டை முதன்முதலாக இட்ட முட்டையாம். அன்று காலையில் இட்டதாம். பால் போலச் சுத்தமானதாம். வெளி முட்டை ஆகாதாம். சிவக்குமாரின் இடுப்பில் அதை உருட்டிக்கொண்டே கண்ணை மூடினார். கூட்டமும் கண்ணை மூடிக்கொண்டது. மூடாதவள் நித்யஸ்ரீ ஒருத்தி. அதுவும் பகுத்தறிவால் அல்ல. முட்டையைக் கண்டால் எடை போடும் பழக்கதோஷத்தால். ‘முதல் முட்டை எலுமிச்சம்பழம் மாதிரி சின்னதாக இருக்குமே, இது அறுபது கிராம் வருமே’ என்று தோன்றியது. உடனே, ‘நாட்டுக்கோழியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்’ என்றும் தோன்றியது.

வியர்த்த இடுப்பில் பழுப்பாக ஒரு கறை படிந்தது.

“பாரு, பாரு, விஷம் எறங்குது!” என்றார் சித்தர்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நித்யஸ்ரீ தன் கைக்குட்டையால் அண்ணனின் இடுப்பைத் துடைத்தாள். விஷத்தில் டீ வாசம் அடித்தது. தன் மூக்கின் மேல் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லை. கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

முட்டையைத் தட்டில் உடைத்தார். மஞ்சள் கருவோடு சேர்ந்து விழுந்தது சிவப்பு நூல் சுற்றிய கறுப்பு முடி. கொட்டகையே “ஐயோ” என்றது.

“மேக்கால ஊடு. சொந்த ரத்தம். சகரத்துல ஆரம்பிக்கிற பேரு. உன்ற பையன் கல்யாணத்தப் பொறுக்காம செஞ்சிருக்கா.”

சகரத்தில் ஆரம்பிக்கிற சொந்த ரத்தம் என்று பார்த்தால் முதல் குற்றவாளி சின்னுசாமி, இரண்டாம் குற்றவாளி சிவக்குமார். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? மகளுக்கே மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு ஒருத்தி ஏன் செய்வினை வைக்க வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. அப்பா அதிர்ந்து நின்றார். “நாம சொல்லவே இல்லையேடா! எப்படிடா கண்டுபிடிச்சாரு!”

நித்யஸ்ரீ வாயைத் திறந்தாள். ‘சொல்லவில்லை, எழுதித்தான் கொடுத்தோம்’ என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ‘ஒருவேளை படிவத்தை அவர் படித்திருக்க மாட்டாரோ’ என்ற சந்தேகம் குறுக்கே வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அதுதான் நோட்டில் எழுதாத தவறு.

சித்தர் கொட்டாங்குச்சியில் ஒரு களிம்பு கொடுத்தார். பச்சைக் கற்பூர வாசம் ஆளைத் தூக்கியது. மூன்றே நாளில் அரிப்பு அடங்கிற்று. சித்தரின் புகழ் தெருவெல்லாம் பரவிற்று. மேற்கு வீட்டோடு பேச்சு நின்றது. சௌந்திரம் அத்தை அனுப்பிய பலாச்சுளை தொடாமல் திரும்பிப் போயிற்று. வாசலில் நின்று அத்தை கேட்டாள்:

“ஏனுங்கண்ணா, நானாண்ணா செய்வேன்?”

அப்பா கதவைச் சாத்தினார்.

பதினைந்தாம் நாள் படை திரும்பி வந்தது. இந்த முறை இடுப்போடு நிற்கவில்லை. தொடை, முதுகு, அக்குள் என்று நிலம் அளந்துகொண்டு போயிற்று. வீட்டில் புத்தியுள்ளவர்கள் என்ன நினைக்க வேண்டும்? மருந்து பொய் என்று. இவர்கள் நினைத்தது, அத்தை மறுபடி வைத்துவிட்டாள் என்று. சித்தர் மே பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெரிய பூஜைக்கு நாள் குறித்தார். வைத்தவளும் நேரில் வர வேண்டும். எல்லோர் முன்னாலும் முட்டை அவளைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் கல்யாணத்தை முறித்துவிடலாம்.

“நான் வாரேன்” என்று அத்தை சொல்லி அனுப்பினாள். “முட்டை என்ன சொல்லுதுன்னு நானும் பாக்கறேன்.”

கனிஷ்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. நித்யஸ்ரீ கீறல் முட்டையை நல்ல அட்டையில் வைத்த புதன்கிழமை அது.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தாள். தனக்காகத்தான். முழங்கைக்கு உள்பக்கம் எட்டணா அளவில் ஒரு வட்டம் வந்து இரண்டு வாரமாகியிருந்தது. அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

டாக்டர் தேவிப்ரியா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ஓரம் தடிச்சு செவப்பா இருக்கு, நடுவுல தெளிஞ்சிருக்கு. படர்தாமரை. பூஞ்சைம்மா. வீட்ல வேற யாருக்கு?”

“அண்ணனுக்குங்க. அப்பா தொடையச் சொறியறாருங்க. அம்மா சொல்ல மாட்டேங்குது, ஆனா சொறியுதுங்க.”

“துண்டு?”

“ஊட்டுக்கு ஒண்ணுதானுங்க.”

“செய்வினைன்னு சொல்லியிருப்பாங்களே?”

நித்யஸ்ரீ விழித்தாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். “இந்த வாரம் நீ ஒன்பதாவது ஆள். வச்ச செய்வினை அண்ணனுக்கு. அது எப்படி ஒரே துண்டுல துடைக்கிறவங்களா பாத்துப் பாத்து வருது?”

களிம்பைப் பற்றிச் சொன்னாள். மூன்று நாளில் அடங்கியதையும் பிறகு பரவியதையும் தேதியோடு சொன்னாள். தேதி சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

“ஸ்டீராய்டு கலந்திருக்கும்” என்றார் டாக்டர். “திருடன் வந்த வீட்ல நாயோட வாயைக் கட்டின மாதிரி. குலைக்கிறது நின்னுடும், திருடன் உள்ளதான் இருப்பான். அரிப்புதான் நாய். அது அடங்கினதும் நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க, பூஞ்சை நிம்மதியா மேயும். எல்லாரையும் கூட்டிட்டு வா. மாத்திரையும் களிம்பும் தர்றேன். அரிப்பு நின்னாலும் நாலு வாரம் நிறுத்தக் கூடாது. துண்டு ஆளுக்கு ஒண்ணு.”

“அந்த முட்டைக்குள்ள முடி எப்படிங்க வருது, டாக்டர்?”

“எனக்கு ஆம்லெட்டுக்கு மேல முட்டையைப் பத்தித் தெரியாதும்மா. அது உன் டிபார்ட்மெண்ட்.”

பண்ணைக்கு வந்து விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். இருட்டறையில் ஒரு துவாரத்தின் வழியே வெளிச்சம் வரும். முட்டையை அதன்மேல் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கீறல், ரத்தப்பொட்டு, எல்லாம். முட்டை பழசாகப் பழசாக மொட்டை முனையில் காற்று இருக்கும் இடம் பெரிதாகும்; அதுவும் தெரியும். மூன்று வருஷமாக இதே வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முட்டையை விளக்கில் பார்ப்பவள், ஒரே ஒரு முட்டையைப் பார்க்காமல் நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கெட்டி டீ டிகாக்ஷனில் ஒரு வெள்ளை முட்டையை ஊறவைத்தாள். நாட்டுக்கோழி முட்டை பிறந்தது. ஈரக்கையால் தேய்த்தாள். விஷம் இறங்கியது. சந்தேகம் தீராமல் இன்னும் இரண்டை ஊறவைத்தாள். அவையும் அப்படியே. மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் தீனதயாளனிடம் போய், முட்டை பார்க்கிற கைவிளக்கை ஒருநாள் கடன் கேட்டாள்.

“எதுக்கு அம்மிணி?”

“கோயிலுக்குங்க.”

“கோயிலுக்கு வெளக்குப் போடறதுன்னா எண்ணெய் வெளக்குப் போடு. இது பேட்டரி வெளக்கு.”

“இந்தச் சாமிக்கு இதுதானுங்க வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. மைக், பூமாலை, யூட்யூப் கேமரா. தட்டில் பன்னிரண்டு பழுப்பு முட்டைகள். முன் வரிசையில் இந்தப் பக்கம் அப்பாவும் சட்டையில்லாத சிவக்குமாரும். அந்தப் பக்கம் தனியாக, முதுகு நிமிர்ந்து, சௌந்திரம் அத்தை. அவளுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செய்வினை தொற்றுநோயாயிற்றே. தொற்றுநோயான படையோடு இருந்த சிவக்குமாரின் மேல் மட்டும் நாலு பேர் சாய்ந்திருந்தார்கள்.

சித்தர் முட்டையை நோக்கிக் கையை நீட்டினார். நித்யஸ்ரீ எழுந்தாள். கேட்க வேண்டிய கேள்விகளை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். நோட்டு பைக்குள் இருந்தது. பை வீட்டில் இருந்தது.

“சாமி, ஒரு சந்தேகங்க.”

“கேளு தாயி.” பக்தையின் சந்தேகம் என்றால் சித்தருக்கு உற்சாகம். மைக்கை இழுத்துக்கொண்டார்.

“அண்ணன் மேல உருட்டுனதுக்குப் பொறவுதானுங்க செய்வினை முட்டைக்குள்ள போவும்?”

“ஆமா.”

“உருட்டறதுக்கு முந்தி?”

“பால் தாயி, பால்! இன்னைக்கு வெடியால போட்ட கன்னிமுட்டை. உள்ள ஒரு தூசு இருக்காது.”

“அப்படீன்னா உருட்டறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துரலாங்களா?”

பதிலுக்குக் காத்திருந்தால் தன் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஈரத்துணியால் ஒரு முட்டையைத் துடைத்தாள். பழுப்பு போய் வெளுப்பு வந்தது. கைவிளக்கை அடியில் வைத்து அழுத்தினாள்.

பூஜைக்காகச் சித்தர் கட்டிய இருட்டு, முட்டை பார்ப்பதற்கென்றே கட்டியது போல அமைந்துவிட்டது. ஆரஞ்சு வெளிச்சத்தில் முட்டை தீபமாக நின்றது. நடுவே, கறுப்பாக, சுருட்டிய ஒரு முடிச்சு. முனையில் மெழுகு வைத்து அடைத்த ஒரு துளை.

கொட்டகையில் பாதிப் பேர் பண்ணைக்காரர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“காத்து அரை இஞ்சுக்கு நிக்குது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “வெடியால போட்டதாமா? பத்து நாள் ஆச்சுடா இது!”

“பண்ணை முட்டைடா அது!”

“அமைதி! வெளிச்சம் பட்டா தோஷம்!” என்று சித்தர் கத்தினார்.

நித்யஸ்ரீ அடுத்த முட்டையை வைத்தாள். முடிச்சு. அடுத்தது. முடிச்சு. ஒன்று போதும் என்று யாரானாலும் நிறுத்தியிருப்பார்கள். இவள் பன்னிரண்டையும் பார்த்தாள். பன்னிரண்டிலும் முடிச்சு.

“இன்னும் யாரு மேலயும் உருட்டலீங்களே சாமி. இதெல்லாம் யாரு ஊட்டுச் செய்வினைங்க?”

அத்தை எழுந்து வந்தாள். ஒரு முட்டையை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டினாள். சிவப்பு நூல், கறுப்பு முடி. இரண்டாவதையும் உடைத்தாள். மூன்றாவதையும்.

“இது எந்தச் சகரமுங்க? இது கெழக்கால ஊடா, வடக்கால ஊடா? டோக்கன் வெச்சிருக்கறவங்கல்லாம் வாங்க சாமி, உங்க உங்க சொந்தக்காரரைப் பாத்துக்கோங்க!”

நித்யஸ்ரீக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மைக் பக்கத்திலேயே இருந்தது.

“மேக்கால ஊடு, சௌந்திரம்னு சாமிக்கு ஞானத்துல தெரியலீங்க. படிவத்துல நாந்தான் எழுதிக் குடுத்தேன். தெரிஞ்சும் இத்தனை நாள் சொல்லாம இருந்தது என்ற தப்புங்க, அத்தை.”

இதற்குள் பூஜைக்கு உதவியாக நின்ற சித்தரின் மச்சான் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத் துணியை விலக்கினார். துணியை ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஆணி மூட்டையைக் கிழித்தது. சப்பையாகப் பிழிந்த ட்யூப்கள் நூற்றுக்கணக்கில் கொட்டின. கூடவே ஒரு டப்பா பச்சைக் கற்பூரம்.

சிவக்குமார் குனிந்து ஒன்றை எடுத்தான். விளக்கைத் தங்கையிடமிருந்து வாங்கிப் படித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“யோவ்! இதத்தான்யா நான் ராய்ப்பூர்ல மாசக்கணக்காத் தடவுனேன்! இது வேண்டாம்னுதான்யா ஊருக்கே வந்தேன்!”

கொட்டகை சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை. யூட்யூப் நேரலையைப் பார்த்து யாரோ கருத்துப் பகுதியில் எழுதினார்கள்: ‘இவரு வாழப்பாடி மருந்துக்கடையில இருந்த காளிதாஸ் ஆச்சே! ட்யூப் திருடினதுக்கு வெளியே அனுப்பினாங்களே!’ களிம்பு ஞானம் வந்த வழி அதுதான். போலீஸ் ஜீப் வரும்வரை கூட்டம் அவரை மரியாதையாக, காவித் துண்டாலேயே கட்டி, உட்கார வைத்திருந்தது.

அப்பா தன் தங்கை சௌந்திரத்தின் முன்னால் போய் நின்றார். தொடையைச் சொறிந்தார்.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா” என்றாள் அத்தை. “மன்னிப்பு பொறகு கேக்கலாம். கல்யாணம் ஆவணியில. மாப்பிள்ளை நல்ல தோலோட வரட்டும்.”

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் வெளியே பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

“போனாப் போவுது உடு. சங்ககிரிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காராம். தேங்காய உருட்டுவாராம்.”

“தேங்காயா? அதுக்குள்ள வெளக்கு வெச்சுப் பாக்க முடியாதில்ல?”

“அதான் சொல்றேன். பக்கா!”

ஐந்து ரூபாய் முட்டையை விளக்கில் பார்க்காமல் வாங்காத ஊர் இது. சாமியாரை மட்டும் இருட்டில் வைத்துத்தான் பார்ப்போம் என்றால், கூமுட்டை தட்டில் இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

மே 12, திங்கள். இன்றைய தவறு: டாக்டர் மாத்திரை நாலு வாரம் என்று சொன்னதை அம்மாவிடம் இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டேன். சீட்டைப் பார்த்துத் திருத்திவிட்டேன். பழைய தவறு ஒன்று: ஏப்ரல் 13, படிவம். அத்தையிடம் சொல்லியாயிற்று. நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கும் துண்டு, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். புதிதாக வாங்கிய நாலு துண்டிலும் அவரவர் பெயரை நூலால் தைக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது கைவிளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.